கொடையும் கொள்முதலும்
அலுவலகச் சாமான்களின் வரலாற்றில் மாற்றுத்திறனாளிகள்

வரலாறு என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மன்னர்களும் போர்களும் கோயில்களும்தான். மலர்களில் வருகிற கட்டுரைகளும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே. வாங்கல் விற்றலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. ஓர் அரசாங்கம் எதை வாங்கியது, யாரிடம் வாங்கியது, எந்த விதிப்படி வாங்கியது என்று பார்த்துக்கொண்டே வந்தால், அந்த நாடு தன் குடிமக்களில் யாரையெல்லாம் மனதில் வைத்திருந்தது, யாரை மறந்துபோனது என்பது தெரிந்துவிடும்.

நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கரோல் பாகில் எழுதுபொருள் கடை. அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் காகிதம், கோப்பு, பேனா, மேசை நாற்காலி என்று சப்ளை செய்தே பிழைப்பு நடத்தியவன். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை ஷட்டரை இறக்கிய பிறகு படித்ததுதான் எல்லாம். டெண்டர் காகிதங்களைப் புரட்டிப் புரட்டி எனக்குள் எழுந்த சில கேள்விகளுக்கு விடை தேடியதன் பயனே இந்தக் கட்டுரை.

எங்கள் சமண மரபில் தானம் நான்கு வகை: ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று சொல்லலாம். நான்கும் உயர்ந்தவையே. ஆனால் தானத்தில் கொடுப்பவன் கை மேலே இருக்கும், வாங்குபவன் கை கீழே இருக்கும். கொள்முதலில் அப்படி இல்லை. பணம் கொடுக்கிற கையும் சரக்குக் கொடுக்கிற கையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு நம் சமூகம் தானம் நிறையவே செய்திருக்கிறது. கொள்முதலில் அவர்களுக்கு இடம் கொடுத்ததா என்பதே இங்கே கேள்வி. அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். யாரிடம் வாங்குவது? வாங்கிய பொருளை யாரால் பயன்படுத்த முடியும்? வாங்கும் நடைமுறையில் யாரால் கலந்துகொள்ள முடியும்?

கார்பன் பேப்பர் பிறந்த கதை

ஒரு காலத்தில் எங்கள் கடையில் அதிகம் போன சரக்கு கார்பன் பேப்பர். அது யாருக்காகப் பிறந்தது தெரியுமா? 1806-ல் இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பவர் ஓர் எழுதும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பார்வையற்றவர்கள் எழுதுவதற்கு உதவுவதே அதன் நோக்கம். இறகுப் பேனாவை மையில் தொட்டு எழுதும்போது மை தீர்ந்துவிட்டதா இல்லையா என்று பார்வையற்றவருக்குத் தெரியாது. மை தோய்த்த தாளை வைத்து, மேலே உலோகக் கோலால் எழுதினால் அந்தக் கவலை இல்லை. அந்த மைத்தாள்தான் பின்னாளில் உலகத்து அலுவலகங்கள் அனைத்திலும் நுழைந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் இத்தாலியில் பெல்லக்ரீனோ தூர்ரி என்பவர், பார்வை இழந்த கரோலினா ஃபன்டோனி என்ற பெருமாட்டி தாமே கடிதம் எழுதுவதற்காக ஓர் எழுத்தடிக்கும் பொறியைச் செய்து கொடுத்தார். அதில் 1808-ல் அடித்த கடிதங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளில் ஒன்று அது. அலுவலகம் என்றால் தட்டச்சும் கார்பனும்தான் என்று இருந்த நூற்றாண்டு முழுவதும், அந்த இரண்டின் பிறப்பிலும் பார்வையற்றவர்களின் தேவை இருந்தது. ஆனால் அலுவலகத்தின் உள்ளே அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஒருவரின் தேவைக்காகச் செய்த பொருள் எல்லாருக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

துடைப்பத்தில் தொடங்கிய சட்டம்

‘யாரிடம் வாங்குவது’ என்ற முதல் கேள்விக்குச் சட்டமாக விடை எழுதிய நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கண் உள்ளவர்களுக்கே வேலை இல்லை. பார்வையற்றவர்கள் நடத்திய பட்டறைகளில் துடைப்பமும் தரை துடைக்கும் மாப்பும் செய்து அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்க ஆள் இல்லை. அந்த நிலையில் செனட்டர் ராபர்ட் வாக்னர், காங்கிரஸ் உறுப்பினர் கரோலின் ஓ’டே அம்மையார் இருவர் பெயரால் ஒரு சட்டம் வந்தது. 1938 ஜூன் 25-ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். பார்வையற்றோர் செய்த பொருள்களை வாங்குவதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு ஒரு பட்டியல் தயாரிக்கும். நியாயமான சந்தை விலையை நிர்ணயிக்கும். பட்டியலில் ஒரு பொருள் ஏறிவிட்டால் மத்திய அரசு அலுவலகங்கள் அதை அந்தப் பட்டறைகளிடமிருந்துதான் வாங்க வேண்டும். பேரம் கிடையாது.

துடைப்பத்தில் தொடங்கிய அந்தப் பட்டியலில் பின்னாளில் பேனாவும் ஏறியது. 1952 முதல் ‘ஸ்கில்கிராஃப்ட்’ என்ற பெயரில் பார்வையற்ற தொழிலாளர்கள் அந்தப் பேனாவைப் பொருத்தி அனுப்புகிறார்கள். அமெரிக்க அரசு அலுவலகம், தபால் நிலையம், ராணுவம் எங்கும் அது கிடக்கும். பேனா வியாபாரி என்ற முறையில் என்னைக் கவர்ந்தது அதற்கு எழுதப்பட்ட ஸ்பெசிஃபிகேஷன். பதினாறு பக்கம்! ஐயாயிரம் அடி நீளத்துக்குக் கோடு விடாமல் எழுத வேண்டும். ஃபாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் 160 டிகிரி வெயிலிலும் எழுத வேண்டும். ‘பாவம், பார்வையற்றவர் செய்தது, ஏதோ வாங்கிக்கொள்வோம்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சரக்கு தேறினால்தான் பணம். கொள்முதல் தருகிற மரியாதை இதுதான்.

1971-ல் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் முயற்சியால் சட்டம் விரிந்தது. பார்வையற்றவர்களோடு கடுமையான பிற ஊனம் உள்ளவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பொருள்களோடு சேவைகளும் சேர்ந்தன. நேரடி உழைப்பு நேரத்தில் நூற்றுக்கு 75 பங்கு மாற்றுத்திறனாளிகளுடையதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே 1938 ஜூன் 25-ல், அதே ரூஸ்வெல்ட், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றிலும் கையெழுத்திட்டார். அதன் 14-ஆம் பிரிவு, ஊனமுற்ற தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைத்துக் கொடுக்கலாம் என்று அனுமதி அளித்தது. ஒரே நாளில் ஒரு கை வேலை கொடுத்தது, மறு கை கூலியைக் குறைத்தது. அரசாங்கத்துக்கு நியாய விலைக்கு விற்ற பட்டறைகளில் சில தம் தொழிலாளிக்கு நியாயக் கூலி கொடுக்கவில்லை. இந்தக் கொள்முதல் திட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தங்களில் அந்தக் குறைகூலி கூடாது என்று விதி வந்தது 2022-ல். இடையில் ஓடியது 84 ஆண்டுகள். ஆக, யாரிடம் வாங்குகிறோம் என்று கேட்டால் மட்டும் போதாது. அந்தப் பணம் கடைசியில் யார் கையில் போய்ச் சேர்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தின் கதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பியவர்களுக்காக 1944-ல் வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. 1945-ல் ‘ரெம்ப்ளாய்’ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் தொழிற்சாலை 1946-ல் வேல்ஸ் நாட்டுப் பிரிட்ஜெண்டில் திறந்தது. சுரங்கங்களில் ஊனமடைந்தவர்கள் அங்கே மரச்சாமான்களும் வயலின்களும் செய்தார்கள். நாளடைவில், தனித் தொழிற்சாலையில் அவர்களைத் தனியே வைப்பது சரியா, எல்லாரோடும் சேர்ந்து வேலை செய்ய வைப்பதல்லவா சரி என்ற வாதம் வலுத்தது. நியாயமான வாதம்தான். 2012, 2013 ஆண்டுகளில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மூடப்படும்போது தொழிலாளிகளே வாசலில் நின்று போராடினார்கள். வெளியே கதவு திறக்காமல் உள்ளே கதவை மூடினால் மனிதன் எங்கே போவான்?

இரண்டாவது கேள்வி

‘வாங்கிய பொருளை யாரால் பயன்படுத்த முடியும்?’ இந்தக் கேள்வியைக் கணினி கொண்டுவந்தது. தட்டச்சுப் பொறியைப் பார்வையற்றவர் விரலால் தொட்டே இயக்குவார். திரையை எப்படித் தொட்டுப் படிப்பது? திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ‘ஸ்கிரீன் ரீடர்’ மென்பொருள்கள் வந்தன. ஆனால் அலுவலகம் வாங்கும் மென்பொருள் அதற்கு இசைந்து எழுதப்பட்டிருந்தால்தான் அது வாசிக்கும்.

அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் 508-ஆம் பிரிவு 1986-ல் சேர்க்கப்பட்டது. பல்லில்லாத பிரிவு, யாரும் மதிக்கவில்லை. 1998-ல் திருத்தி எழுதினார்கள். 2001 ஜூன் 21 முதல் அமலுக்கு வந்தது. மத்திய அரசு வாங்கும் கணினி, மென்பொருள், இணையதளம், நகல் எடுக்கும் பொறி எல்லாம் மாற்றுத்திறனாளிகளான ஊழியர்களும் பொதுமக்களும் பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிறுவனங்களைப் பார்த்து ‘நீங்கள் இப்படிச் செய்யுங்கள்’ என்று அந்தச் சட்டம் கட்டளையிடவில்லை. ‘இப்படி இல்லாவிட்டால் நாங்கள் வாங்க மாட்டோம்’ என்றது. வியாபாரிக்கு இதைவிடப் புரிகிற மொழி வேறு உண்டா? பெரிய வாடிக்கையாளர் கேட்டால் சரக்கு மாறும். தங்கள் சரக்கு எந்த அளவுக்குத் தேறும் என்று எழுதித் தருவதற்கு விற்பனையாளர்களுக்கென்று ஒரு படிவமே உருவானது.

அந்த வழியில் ஐரோப்பா 2014-ல் ‘301 549’ என்ற தர அளவை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே ‘பொதுக் கொள்முதல்’ என்ற சொல் இருந்தது. அதே ஆண்டு வந்த ஐரோப்பியக் கொள்முதல் ஆணையின் 42-ஆம் பிரிவு, மக்கள் பயன்படுத்தும் எதை வாங்கினாலும் ஸ்பெசிஃபிகேஷனிலேயே அணுகல் வசதியைச் சேர்க்க வேண்டும் என்றது. விலக்கு வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும். 20-ஆம் பிரிவு முதல் கேள்விக்கும் வழி செய்தது: ஊழியர்களில் நூற்றுக்கு 30 பேராவது மாற்றுத்திறனாளிகளாகவோ நலிந்தவர்களாகவோ உள்ள நிறுவனங்களுக்கென்று சில ஒப்பந்தங்களை ஒதுக்கி வைக்கலாம்.

எல்-1 என்னும் தராசு

இதையெல்லாம் ஸ்பெசிஃபிகேஷனில் எழுதத்தான் வேண்டுமா, வியாபாரி தானே மனமுவந்து செய்யக்கூடாதா என்று கேட்கலாம். செய்ய முடியாது என்பதைத் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓர் அலுவலகம் வரவேற்பு மேசை வாங்க டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் நான்கு அடி என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு நான்கு அடி மேசை ஒரு சுவர்; அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகமே தெரியாது. அவருக்கு மேசையின் ஒரு பகுதி இரண்டரை அடி உயரத்தில் இருக்க வேண்டும்; கீழே முழங்கால் நுழைய இடம் வேண்டும். நான் அதைச் சேர்த்துச் செய்தால் ஒரு பேச்சுக்கு 600 ரூபாய் கூடும் என்று கொள்வோம். பக்கத்துக் கடைக்காரர் சேர்க்காமல் விலை போடுவார். அவர் எல்-1, அதாவது குறைந்த விலைக்காரர். ஆர்டர் அவருக்கு. எழுதாத நல்ல காரியத்தைச் செய்கிற வியாபாரி தோற்றே தீர வேண்டும் என்பது டெண்டரின் கணக்கு. அதையே ஸ்பெசிஃபிகேஷனில் ஒரு வரியாக எழுதிவிட்டால் எல்லாரும் அந்த 600 ரூபாயைச் சேர்த்துத்தான் விலை போடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

எங்கள் தத்துவார்த்த சூத்திரத்தில் களவு செய்யாமை என்னும் விரதத்துக்கு வரும் குற்றங்களில் ஒன்றாகப் பொய்யளவையைச் சொல்லியிருக்கிறது. கொடுக்கும்போது ஒரு படி, வாங்கும்போது ஒரு படி வைத்திருக்கக் கூடாது. நடக்கிறவர், பார்க்கிறவர், கேட்கிறவர் ஆகியோரை மட்டும் அளவாக வைத்து எழுதிய ஸ்பெசிஃபிகேஷனும் எனக்கு அப்படி ஒரு குறைந்த படியாகவே படுகிறது.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நன்றாகப் படித்து, இட ஒதுக்கீட்டில் வடக்கே ஒரு நகரத்தில் வங்கி வேலைக்கு வந்தான். பழைய மென்பொருளில் வேகமாக வேலை செய்தவன். பிறகு வங்கி புதிய மென்பொருள் வாங்கியது. ஸ்கிரீன் ரீடரைப் போட்டால் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்லுமாம். எந்தப் பட்டன் என்று சொல்லாது. விற்ற கம்பெனியைக் கேட்டால், ஒப்பந்தத்தில் இல்லை, மாற்றித் தரத் தனிப் பணம் வேண்டும் என்றார்கள். கோப்பு மேலே போனது, கீழே வரவில்லை. ஒருநாள் போனில் சொன்னான்: “மாமா, சம்பளம் மாசா மாசம் கரெக்டா வருது. வேலைதான் வர மாட்டேங்குது. காலையில போய் உக்காந்துட்டு சாயங்காலம் எந்திரிச்சு வரேன்.” வேலை கொடுத்தது சட்டம், வேலையைப் பறித்தது ஒரு பர்ச்சேஸ் ஆர்டர். யாரும் அவனை வெறுக்கவில்லை, அவமதிக்கவில்லை. வாங்கும்போது அவன் ஒருவன் இருக்கிறான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டில்

நான் தில்லிக்கு வந்த புதிதில் அரசு அலுவலகங்களில் எங்கே பார்த்தாலும் பிரம்பு பின்னிய நாற்காலிகள். பின்னல் தளர்ந்தால் பார்வையற்ற தொழிலாளர்கள் உட்கார்ந்து மறுபடி பின்னுவார்கள். விரல்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு மெத்தை வைத்த சுழல் நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தன. நானும் அவற்றைத்தான் சப்ளை செய்தேன். நாற்காலி மாறியது ஒரு கொள்முதல் முடிவு. அதில் ஒரு தொழிலே கரைந்தது. மாற்று வேலை என்ன என்று அந்தக் கோப்பில் ஒரு குறிப்பும் இருந்திருக்காது.

1995-ல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. அரசு வேலையில் நூற்றுக்கு மூன்று இடம் கிடைத்தது. கொள்முதல் பற்றிய பேச்சு அப்போது பெரிதாக எழவில்லை. இருந்தாலும் சில நல்ல முன்மாதிரிகள் உண்டு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் ஹைதராபாத் ஆசிஃப் நகர் இடைத்தேர்தலில் பிரெயில் எண்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 2009 மக்களவைத் தேர்தலில் அது நாடு முழுவதும் வந்தது. அதுவரை பார்வையற்ற வாக்காளர் துணைக்கு ஒருவரை அழைத்துப்போய், அவர் காதில் சொல்லித்தான் வாக்குப் போட வேண்டும். ரகசிய வாக்கு அவருக்கு மட்டும் ரகசியமில்லை. சின்னஞ்சிறு புள்ளிகள் அதை மாற்றின.

ஏ.டி.எம். கதை வேறு மாதிரி. புதிதாக வைக்கும் இயந்திரங்களில் மூன்றில் ஒன்றாவது பேசும் இயந்திரமாக, பிரெயில் விசைகளோடு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் சொன்னது. யூனியன் வங்கி 2012-ல் ஆமதாபாதில் பேசும் ஏ.டி.எம். ஒன்றைத் திறந்தபோது நாட்டிலேயே இதுதான் முதல் என்று செய்தி வந்தது. 2014 ஜூலை முதல் தேதியிலிருந்து புதியவை எல்லாமே அப்படி இருக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஆனால் நடைமுறையில் பாருங்கள்: பிரெயில் விசை இருக்கும், குரல் வராது, குரல் வரும், வாசலில் மூன்று படி இருக்கும். இயந்திரத்தை ஒரு பிரிவு வாங்குகிறது, இடத்தை இன்னொரு பிரிவு வாடகைக்கு எடுக்கிறது. இரண்டு கோப்பும் சந்திப்பதில்லை.

பேருந்துக் கதை தில்லித் தமிழர்கள் நேரில் கண்டது. 2010 காமன்வெல்த் போட்டிகளுக்கு முன்பாகப் பச்சையும் சிவப்புமாகத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர். சாதாரணப் பேருந்தில் அது 900 அல்லது அதற்கு மேல். நம் வீட்டுப் பெரியவர்கள் முழங்கால் வலியோடு ஏறும்போது அந்த வித்தியாசம் தெரியும். பின்னர் உயரத் தளப் பேருந்துகளையே ஆயிரக்கணக்கில் எடுக்கத் திட்டமிட்டபோது, சக்கர நாற்காலி பயன்படுத்தும் நிபுன் மல்ஹோத்ரா தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2019 ஆகஸ்டில் அவ்வகைப் பேருந்துகள் சாலைக்கு வந்தபோது ஹைட்ராலிக் லிஃப்ட் பொருத்தப்பட்டிருந்தது. சென்னையிலும் இதே போராட்டம். வைஷ்ணவி ஜெயக்குமார் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் பேருந்துக் கொள்முதலையே கேள்வி கேட்டது. 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலையில் ஓடத் தொடங்கின. ஒரு பேருந்து வாங்கினால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும். டெண்டரில் ஒரு வரி தவறினால் அத்தனை வருடமும் ஒரு மனிதன் நிறுத்தத்திலேயே நிற்பான்.

2007-ல் இந்தியா ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதன் வழியில் 2016-ல் புதிய உரிமைச் சட்டம் வந்தது. 21 வகை ஊனங்கள், வேலையில் நூற்றுக்கு நான்கு, தனியார் நிறுவனங்களுக்கும் பொறுப்பு. எல்லாரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்புள்ள பொருள்களை ஊக்குவிக்க வேண்டும் என்று 43-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் முறை அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. கோடிக்கணக்கில் டெண்டர் விடுகிற இடத்தில் பத்தாயிரம் யாரை உறுத்தும்?

நான் முன்பு சொன்ன ஐரோப்பிய அளவையை அடியொற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனம் ‘ஐ.எஸ். 17802’ என்ற தரத்தை 2021, 2022 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. 2023-ல் அது சட்ட விதிகளில் சேர்ந்தது. 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30-ல் இணையவழிச் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்றது. இனி டெண்டர் எழுதுகிற அதிகாரி ‘17802-க்கு இணங்க இருக்க வேண்டும், சோதித்துக் காட்ட வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். என் தங்கை மகனுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

முதல் கேள்விக்கு நம் நாட்டில் இன்னும் முழு விடை வரவில்லை. சிறு குறு தொழில்களிடம் மத்திய அரசு குறிப்பிட்ட பங்கு வாங்க வேண்டும் என்று 2012-ல் கொள்கை வந்தது. 20 விழுக்காடு பிறகு 25 ஆனது. அதில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்புத் தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3 என்று உட்பங்கு உண்டு. மாற்றுத்திறனாளி தொழில்முனைவோருக்கு அப்படி ஓர் உட்பங்கு எழுதப்படவில்லை.

மூன்றாவது கேள்வி இதனோடு சேர்ந்தது. முன்பு டெண்டர் போடப் படி ஏறி, மூன்றாவது மாடிப் பெட்டியில் உறையைப் போட வேண்டும். கால் நடக்காதவர் வெளியே நின்றார். 2016-ல் அரசின் மின்னணுச் சந்தை ‘ஜெம்’ வந்தது. நாங்கள் பழகிய பழைய கொள்முதல் இயக்குநரகம் 2017 அக்டோபரோடு மூடப்பட்டது. படி ஏறும் வேலை போயிற்று. அது பெரிய நன்மை. ஆனால் எங்கெங்கோ நுழைவுப் பக்கங்களில் கோணல்மாணலாக எழுத்தைக் காட்டி ‘இதைப் பார்த்து அடி’ என்கிறார்கள். பார்வையற்ற வியாபாரி அந்த வாசலிலேயே நின்றுவிடுவார். படிக்கட்டு கணினிக்குள் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் சங்கங்களும் வாங்குகின்றன

இது அரசாங்கத்தின் விஷயம், நமக்கு என்ன என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். வெளிமாநிலத் தமிழ்ச் சங்கம் ஒவ்வொன்றும் ஒரு சிறு கொள்முதல் அலுவலகம்தான். மண்டபம் வாடகைக்கு எடுக்கிறோம், பந்தல் போடுகிறோம், நாற்காலி, மைக், சாப்பாடு, அழைப்பிதழ், பள்ளிக்குப் புத்தகம், சங்கத்துக்கு இணையதளம் என்று வருடம் முழுவதும் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். மூன்று கேள்விகளும் நமக்கும் பொருந்தும்.

மண்டபம் பேசும்போது விலையோடு சேர்த்துச் சாய்வுதளம் உண்டா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா என்று கேட்கலாம். இல்லை என்று சொல்கிற மண்டபக்காரர், நாலு சங்கம் கேட்டால் ஐந்தாவது சங்கத்துக்குள் கட்டிவிடுவார். வியாபாரியின் குணம் எனக்குத் தெரியும். மேடைக்குப் படியோடு ஒரு சாய்வுப் பலகையும் பந்தல்காரரிடம் எழுதி வாங்கலாம். அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்பினால் ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். இணையதளம் செய்து தருபவரிடம், பணம் கொடுப்பதற்கு முன்பு, பார்வையற்ற ஒருவரை உட்காரவைத்து இயக்கிக் காட்டச் சொல்லலாம். அப்படிச் சோதிப்பவருக்கு அதற்குரிய கூலியும் கொடுக்க வேண்டும். தீபாவளிப் பரிசுப் பைகள், மெழுகுவத்தி, கோப்பு உறை போன்றவற்றை மாற்றுத்திறனாளிகள் நடத்தும் பட்டறைகளில் வாங்கலாம். தரம் பார்த்து, விலை பேசி, ரசீது வாங்கி வாங்க வேண்டும். இரக்கப்பட்டு வாங்கினால் ஒரு முறை வாங்குவோம். சரக்குக்காக வாங்கினால் வருடா வருடம் வாங்குவோம்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சங்கத்தின் கொள்முதல் பதிவேட்டில் பொருள், அளவு, விலை என்று மூன்று பத்திகள் இருக்கும். நான்காவதாக ‘யாரால் பயன்படுத்த முடியாது?’ என்று ஒரு பத்தி போடுங்கள். பொருளாளர் ஒவ்வொரு முறையும் அதை நிரப்பட்டும். நிரப்ப உட்காரும்போது நம் உறுப்பினர்களில் விழாவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக நினைவுக்கு வரும். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கான மண்டபத்தைத் தேடத் தொடங்கலாம்.